வீட்டில் பேண்ட் ரெக்கார்டிங்: மைக் வாங்கும் முன் ஒரு எண்ணைப் பிடியுங்கள்

வீட்டிலேயே பேண்டை ரெக்கார்ட் செய்யலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான். நல்ல கேள்வி, ஆனால் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் ஒரு எண் தெரிந்தாக வேண்டும்: ஒரே நேரத்தில் எத்தனை ட்ராக் பதிவாக வேண்டும்? இந்த எண் இல்லாமல் கடைக்குப் போனால் ஒன்று தேவைக்கு மேல் செலவழிப்போம், இல்லாவிட்டால் நம் வேலையில் பாதியைக்கூடச் செய்யாத ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவோம். நான் இரண்டாவதைச் செய்திருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

மல்ட்டிட்ராக் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வாத்தியமும் ஒவ்வொரு குரலும் தனித்தனி ட்ராக்கில் பதிவாகிறது, அவ்வளவுதான். பாடகரின் குரல் அமுங்கிப் போயிருந்தால் அதை மட்டும் ஏற்றலாம், கிட்டார் ஒரு இடத்தில் தப்பாக விழுந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டலாம். 1957-இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்திடமிருந்து கிட்டார் கலைஞர் லெஸ் பால் வாங்கிய 8 ட்ராக் டேப் இயந்திரம், ஆள் உயரத்துக்கு நிற்கிற ஒரு ராட்சதப் பெட்டி. 1979-இல் டாஸ்கேம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ, சாதாரண கேசட்டில் 4 ட்ராக் பதிவு செய்து இந்த வசதியை வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்தது. இன்று ஒரு சுமாரான லேப்டாப்பே நாற்பது ஐம்பது ட்ராக்கைச் சிரமமில்லாமல் ஓட்டுகிறது.

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மொத்த ட்ராக் வேறு, ஒரே நேரத்தில் பதிவாகும் ட்ராக் வேறு. நீங்கள் ஒருவரே கிட்டார் வாசித்து, பிறகு பேஸ் வாசித்து, பிறகு பாடி, பிறகு கோரஸ் பாடி ஒரு பாட்டை உருவாக்குகிறவர் என்றால், முடிவில் முப்பது ட்ராக் இருந்தாலும் ஒரு சமயத்தில் பதிவாவது ஒன்றோ இரண்டோதான். மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற பெட்டிக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர்; இரண்டு மைக் சாக்கெட் உள்ள சின்ன இன்டர்ஃபேஸ் உங்களுக்குத் தாராளம், அதற்கு மேல் காசு போடவே வேண்டாம். ஆனால் ட்ரம்ஸ் வாசிக்கிறவர் அறைக்குள் வந்து உட்கார்ந்த உடனே கணக்கு மாறிவிடுகிறது. ஏனென்றால் ட்ரம்ஸ் ஒரு வாத்தியம் போலத் தெரிந்தாலும் மைக்கின் பார்வையில் அது ஏழெட்டு வாத்தியம், அதையெல்லாம் ஒரே ஆள் ஒரே நேரத்தில் வாசிக்கிறார், தனித்தனியாக வாசிக்கச் சொல்ல முடியாது.

ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். ட்ரம்ஸுக்கு 4 மைக், பேஸுக்கு 1, இரண்டு கிட்டாருக்கு 2, மற்றவர்கள் பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டிக் குரலுக்கு 1. மொத்தம் 8. கீபோர்ட் இருந்தால் ஸ்டீரியோவுக்கு இன்னும் 2 வரும், ஆனால் அதைப் பிறகு தனியாக வாசித்துச் சேர்த்துக்கொள்ளலாம். நல்ல குரலையும் அப்படித்தான், எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அமைதியான அறையில் நிதானமாக எடுப்பது நல்லது. ஆக, சேர்ந்து வாசிக்கிற நாலைந்து பேர் பேண்டுக்கு 8 என்பது பொருத்தமான எண். சந்தையிலும் இரண்டு, நான்கு, எட்டு என்றுதான் கருவிகள் வருகின்றன. நான்கில் வாங்கினால் ட்ரம்ஸோடு முடிந்துவிடும், அதனால் பேண்ட் முழுக்கச் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்வதுதான் எண்ணம் என்றால் நான்கில் நிற்காமல் எட்டுக்குப் போகச் சொல்வேன்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம். எங்கள் குழுவுக்காக 12 சேனல் மிக்ஸர் ஒன்று, அதாவது 12 ஒலிகளை உள்ளே வாங்கிக் கலக்கிற பெட்டி, வாங்கினோம். பெட்டி மேலேயே யூஎஸ்பி என்று போட்டிருந்தது. 12 சேனல், யூஎஸ்பி, அப்படியானால் 12 ட்ராக்கும் கம்ப்யூட்டருக்குப் போகும் என்று நினைத்து ஒரு மத்தியானம் முழுக்க வாசித்தோம். திறந்து பார்த்தால் இரண்டே ட்ராக்: இடது, வலது. மிக்ஸர் எல்லாவற்றையும் கலந்து ஒரு ஸ்டீரியோவாகத்தான் அனுப்பியிருக்கிறது. பாட்டு நன்றாக வந்திருந்தது, குரல் மட்டும் கம்மி, அதைத் தூக்கலாம் என்றால் சிம்பலும் கூடவே எழும்பி வருகிறது. கலந்த பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற கதைதான். குறைந்த விலை யூஎஸ்பி மிக்ஸர்களில் கணிசமானவை இப்படித்தான் வேலை செய்கின்றன. அது குறை இல்லை, அவை வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை. வாங்கும் முன் விவரப் பக்கத்தில் யூஎஸ்பி எத்தனை சேனலை அனுப்புகிறது என்று தேடுங்கள். "2 இன், 2 அவுட்" என்று இருந்தால் மல்ட்டிட்ராக்குக்கு அது ஆகாது. "மல்ட்டிசேனல் யூஎஸ்பி" என்று எழுதி, பக்கத்தில் பத்தோ பதினெட்டோ ஒரு எண்ணும் இருந்தால்தான் நமக்குத் தேவையான பொருள்.

இன்டர்ஃபேஸ் பெயரில் உள்ள எண்களும் ஏமாற்றும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 என்றால் 18 உள்ளே, 20 வெளியே. அந்த 18-ல் மைக் செருகக்கூடிய ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்குகிற பகுதி) 8 மட்டுமே. இன்னொரு 8 அடாட் என்கிற ஆப்டிகல் சாக்கெட் வழியாக வருவது, 2 டிஜிட்டல். பெரிங்கர் யூஎம்சி1820-ம் இதே கணக்குதான். அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு "மைக் ப்ரீஆம்ப் எத்தனை" என்று மட்டும் பாருங்கள். அந்த அடாட் சாக்கெட்டை ஒதுக்கிவிடவும் வேண்டாம், எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம். நாளைக்கு 8 போதவில்லை என்றால், பெரிங்கர் ஏடிஏ8200 போன்ற எட்டு ப்ரீஆம்ப் பெட்டி ஒன்றை ஒரு ஆப்டிகல் கேபிளில் இணைத்தால் 16 ஆகிவிடும், பழைய இன்டர்ஃபேஸைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறோம் என்கிற சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் வரை இருந்தால்தான் ஒரு கேபிளில் 8 சேனல் போகும், 96-க்கு ஏற்றினால் 4 ஆகக் குறைந்துவிடும். பேண்ட் ரெக்கார்டிங்குக்கு 44.1 அல்லது 48 போதுமே போதும்.

"என்னிடம் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ் ஒன்று இருக்கிறது, நண்பனிடம் ஒன்று, இரண்டையும் சேர்த்தால் நான்கு ஆகாதா?" இதையும் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்குள்ளும் நொடிக்கு 48,000 முறை எண்ணுகிற ஒரு கடிகாரம் இருக்கிறது, எந்த இரண்டு கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்துக்கு 20 என்கிற அளவு வித்தியாசம் இருந்தால்கூட, ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் இரண்டும் 6 மில்லிசெகண்ட் விலகி நிற்கும். ஒரே ட்ரம்ஸின் இரண்டு மைக்குகள் அப்படி விலகினால் ஓசை சோகை பிடித்துப் போய்விடும். மேக்கில் இரண்டு கருவிகளை ஒன்றாகக் காட்டி, இந்த விலகலைச் சரிசெய்கிற வசதி இருக்கிறது. விண்டோஸில் பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஒரு ஏசியோ டிரைவரை (இன்டர்ஃபேஸை விண்டோஸோடு பேசவைக்கிற மென்பொருள்) மட்டும்தான் ஏற்கும். அவசரத்துக்கு முயன்று பார்க்கலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

சரி, எட்டு என்று முடிவாகிவிட்டது என்றால் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, எட்டு ப்ரீஆம்ப் உள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் வாங்கி ஏற்கெனவே இருக்கிற கம்ப்யூட்டரோடு இணைப்பது. ஒரு ட்ராக்குக்கு ஆகிற செலவு என்று பார்த்தால் சாதாரணமாக இதுதான் மலிவு. இரண்டாவது, பெரிங்கர் எக்ஸ்ஆர்18 மாதிரியான டிஜிட்டல் மிக்ஸர். 16 மைக் ப்ரீஆம்ப், 18 சேனலும் தனித்தனியாக யூஎஸ்பியில் போகும். உங்கள் குழு மேடையிலும் வாசிக்கிறது என்றால் நான் யோசிக்காமல் இதைச் சொல்வேன், மேடைக்கும் வீட்டுக்கும் ஒரே பெட்டி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஹெட்ஃபோன் மிக்ஸும் இதிலிருந்தே கிடைக்கும். மூன்றாவது, கம்ப்யூட்டரே தேவைப்படாத ரெக்கார்டர். ஜூம் ஆர்16 ஒரே நேரத்தில் 8 ட்ராக்கை எஸ்டி கார்டில் எழுதும். ஒத்திகை அறைக்குத் தூக்கிக்கொண்டு போய், வாசித்துவிட்டு, கார்டைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் போட்டு மிக்ஸ் செய்யலாம். கம்ப்யூட்டரைக் கண்டால் எரிச்சல் வருகிற குழுக்களுக்கு இது நிம்மதி.

பழைய பொருள் வாங்குவது பற்றித் தயக்கம் வேண்டாம், இந்தத் துறையில் பத்து வருடப் பழைய கருவியும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஃபயர்வயர் இணைப்பு உள்ள எட்டு சேனல் இன்டர்ஃபேஸ்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் இன்றைய கம்ப்யூட்டர்களில் அந்த சாக்கெட் கிடையாது, அடாப்டர் தேடி அலைவது தனி வேலை. அதோடு, உங்கள் விண்டோஸுக்கோ மேக்குக்கோ இன்றைக்கும் டிரைவர் கிடைக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். தனி டிரைவர் இல்லாமலே செருகினால் வேலை செய்கிற கருவிகளில் இந்தக் கவலை குறைவு.

ப்ரீஆம்ப் தரத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். ட்ரம்ஸ், ஆம்ப் மாதிரி சத்தமான விஷயங்களுக்கு ப்ரீஆம்ப் அதிகம் உழைக்கவே தேவையில்லை, அதனால் மலிவு ப்ரீஆம்புக்கும் விலை உயர்ந்ததுக்கும் உள்ள வித்தியாசம் முதல் ரெக்கார்டிங்கில் உங்கள் காதில் விழுவது அபூர்வம். அந்தக் காசை மைக்கில் போடுங்கள்.

இப்போது மைக். இரண்டு வகை தெரிந்தால் போதும். டைனமிக் மைக் முரட்டு ஆள்; சத்தம் தாங்கும், கீழே விழுந்தாலும் பிழைக்கும், தனக்கு நேராகப் பக்கத்தில் இருப்பதை மட்டும் பெரிதாக எடுக்கும். கண்டென்சர் நுணுக்கமானது, சிம்பலின் மினுமினுப்பை, குரலின் மூச்சைக்கூடப் பிடிக்கும், அதே கையோடு அறையின் எதிரொலி, தெருவில் போகிற வண்டி எல்லாவற்றையும் பிடித்துவிடும். கண்டென்சருக்கு ஃபேண்டம் பவர் என்கிற 48 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியாகவே போக வேண்டும். சில கருவிகளில் எட்டு மைக் சாக்கெட் இருந்தாலும் இரண்டுக்கு மட்டும்தான் இந்த வசதி இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிளில் (மூன்று முனை மைக் கேபிள்) செருகிய டைனமிக் மைக்குக்கு அந்த 48 வோல்ட்டால் ஆபத்து இல்லை, மெல்லிய உலோக நாடாவால் ஒலியைப் பிடிக்கிற பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் மட்டும் ஜாக்கிரதை.

வீட்டு அறை பெரும்பாலும் சிறியது, சுவர்கள் வெறுமையானவை. அதனால் டைனமிக் பக்கம் சாய்வதே நல்லது என்பது என் கருத்து. ஷூர் எஸ்எம்57 1965-இல் வந்த மைக், இன்னமும் ஸ்நேர் என்கிற சின்ன ட்ரம்முக்கும் கிட்டார் ஆம்புக்கும் உலகம் முழுக்க அதைத்தான் வைக்கிறார்கள். அதே பாணியில் மலிவான வேறு மைக்குகளும் கிடைக்கின்றன. எட்டு மைக்கும் ஒரே நாளில் வாங்கத் தேவையில்லை. டைனமிக் இரண்டு, காலால் மிதித்து அடிக்கிற கிக் ட்ரம்முக்கென்றே செய்த பெரிய டைனமிக் ஒன்று, ட்ரம்ஸுக்கு மேலே தொங்கவிட சின்ன டயஃப்ரம் (ஒலியில் அதிரும் மெல்லிய தகடு) உள்ள கண்டென்சர் ஒரு ஜோடி, ஆக ஐந்து. மேடையில் பாட ஏற்கெனவே வைத்திருக்கிற மைக் ஆறாவது.

இந்த ஐந்தில் நான்கு ட்ரம்ஸுக்கே போய்விடும்: கிக், ஸ்நேர், மேலே இரண்டு. ட்ரம்ஸின் முழு உருவமும் மேலே உள்ள அந்த இரண்டு மைக்கில்தான் இருக்கிறது, மற்ற இரண்டும் அழுத்தம் கொடுக்க மட்டுமே. இங்கிலாந்து ஒலிப்பதிவாளர் க்ளின் ஜான்ஸின் பெயரால் வழங்கும் ஒரு முறை உண்டு. ஒரு மைக்கை ஸ்நேருக்கு நேர் மேலே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் வைப்பார்கள், இன்னொன்றை ஃப்ளோர் டாம் என்கிற, தரையில் நிற்கிற ட்ரம்முக்குப் பக்கத்தில், ஹை-ஹாட் என்கிற ஜோடி சிம்பலைப் பார்த்தபடி வைப்பார்கள், இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நூலை எடுத்து, ஸ்நேரின் நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இரண்டு மைக்குக்கும் அளந்து பாருங்கள். ஒலி ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகிறது. தூரம் வேறாக இருந்தால் ஒரே அடி இரண்டு மைக்கிலும் வெவ்வேறு நேரத்தில் விழும், இரண்டையும் சேர்க்கும்போது சில அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஸ்நேர் தகர டப்பா மாதிரி ஒலிக்கும். பாதி பேர் இதை மைக்கின் குறை என்று நினைத்து அடுத்த மைக் வாங்கப் போய்விடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஒரு முழ நூலில் தீர்கிற விஷயம் இது.

பேஸ் கிட்டாருக்கு மைக்கே வேண்டாம். நேராக இன்டர்ஃபேஸில் செருகலாம், ஆனால் ஹை-இசட் அல்லது இன்ஸ்ட்ருமென்ட் என்று எழுதிய சாக்கெட்டில் மட்டும். கிட்டாரின் பிக்அப் பலவீனமான மின்சாரம் தருவது, அதற்குச் சுமார் 10 லட்சம் ஓம் தடை உள்ள வாசல் வேண்டும். மைக் வாசலின் தடை சில ஆயிரம் ஓம்தான், அதில் செருகினால் ஓசையின் கூர்மை போய் மந்தமாகிவிடும். அந்த சாக்கெட் போதவில்லை என்றால் கிட்டாரின் சிக்னலை மைக் வாசலுக்கு ஏற்றபடி மாற்றுகிற டிஐ பாக்ஸ் ஒன்றை நடுவில் வையுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரையும் இப்படி நேராக எடுத்துவிட்டு, பிறகு மென்பொருளில் ஆம்ப் ஓசை சேர்க்கலாம். சின்ன அறையில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு: ஆம்பின் சத்தம் ட்ரம்ஸ் மைக்குகளுக்குள் போகவே போகாது.

பட்ஜெட்டில் எழுதாமல் விட்டுப்போகிற பொருட்கள்தான் கடைசி நேரத்தில் ரெக்கார்டிங்கை நிறுத்துகின்றன. ஆறு மைக் என்றால் ஆறு எக்ஸ்எல்ஆர் கேபிள், ஆறு ஸ்டாண்ட். ஐந்து பேர் வாசித்தால் ஐந்து ஹெட்ஃபோன், அதுவும் காதை முழுக்க மூடுகிற வகை, திறந்த வகையென்றால் தாளம் காட்ட ஓடுகிற க்ளிக் சத்தம் வெளியே கசிந்து மைக்கில் பதிவாகிவிடும். இன்டர்ஃபேஸில் ஹெட்ஃபோன் சாக்கெட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதனால் நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கிற ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப் வேண்டும். நான் என்றால் மொத்தப் பணத்தில் கால் பங்கை இதற்கென்றே ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில்தான் இன்டர்ஃபேஸையும் மைக்கையும் பார்ப்பேன்.

ஹெட்ஃபோனில் தன் வாசிப்பு தாமதமாகக் கேட்கிறது என்று யாராவது சொல்வார்கள். ஒலி கம்ப்யூட்டருக்குள் போய் வருவதற்கு ஆகிற நேரம் அது, லேட்டன்சி என்பார்கள். மென்பொருளில் பஃபர் என்று ஒரு எண் இருக்கும், ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்து அனுப்புகிறது என்பது அது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 என்று வைத்தால் போகும்போதும் வரும்போதும் தலா 2.7 மில்லிசெகண்ட் அளவு, 1024 என்றால் தலா 21-க்கு மேல். ரெக்கார்ட் செய்யும்போது குறைத்து வையுங்கள், மிக்ஸ் செய்யும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் திணறினால், இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டர் இருக்கும், அதைப் போட்டால் ஒலி கம்ப்யூட்டரைத் தொடாமலே காதுக்கு வந்துவிடும்.

24 பிட்டில் பதிவு செய்யுங்கள், மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், பூஜ்யத்தைத் தாண்டி உடைந்த ஒலியை மீட்க வழியில்லை. பாட்டு சூடு பிடித்ததும் ட்ரம்ஸ்காரர் ஒத்திகையைவிட ஓங்கி அடிப்பார், அதற்கும் இடம் விட்டு வையுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் 8 ட்ராக் ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபிக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும், கணக்குப் போட்டு இடம் காலி செய்துகொள்ளுங்கள். மென்பொருளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ரீப்பர் 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்க விடுகிறது, லினக்ஸ் ஆட்களுக்கு ஆர்டர் (Ardour) என்கிற மென்பொருள் இருக்கிறது, மேக்கில் கராஜ்பேண்ட் இலவசம். எதில் பதிவு செய்தாலும் ஒலி ஒன்றுதான்.

அறைக்கு முட்டை அட்டை ஒட்டாதீர்கள். அது கீழ்ச்சுருதி ஒலியைத் தொடக்கூட முடியாத அளவுக்கு லேசானது. கனமான கம்பளி, மெத்தை, புத்தகம் நிறைந்த அலமாரி, இவைதான் உண்மையில் உதவும். கூரை தாழ்வாக இருந்தால் ட்ரம்ஸுக்கு நேர் மேலே ஒரு தடித்த போர்வையைக் கட்டிவிடுங்கள், மேல் மைக்குகளில் அறை ஓசை குறைவது உடனே கேட்கும்.

எட்டு சேனலுக்குப் பணமே இல்லை, இரண்டு சேனல் பெட்டிதான் இருக்கிறது என்றாலும் காத்திருக்க வேண்டாம். க்ளிக்கோடு கிட்டாரையும் வழிகாட்டிக் குரலையும் முதலில் பதிவு செய்து, அதைக் கேட்டபடி ட்ரம்ஸை இரண்டே மைக்கில் எடுங்கள், ஒன்று கிக்கில், ஒன்று மேலே. மோனோவாக வரும், ஆனால் மைக் வைத்த இடம் சரியாக இருந்தால் அது போதும். இல்லாவிட்டால் எட்டு சேனல் இன்டர்ஃபேஸையும் ட்ரம்ஸ் மைக் செட்டையும் ஒரே ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, எல்லாப் பாட்டுக்கும் ட்ரம்ஸை மட்டும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். மீதி எல்லாவற்றையும் இரண்டு சேனலில், வாரக்கணக்கில் எடுத்தாலும் கேட்பார் இல்லை.

அப்புறம், எல்லாம் இணைத்து முடித்ததும் நேராகப் பாட்டுக்குள் போகாதீர்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு நிமிடம் வாசியுங்கள், அதைப் பதிவு செய்து ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாகக் கேளுங்கள். ஸ்நேர் ட்ராக்கில் ஸ்நேர்தான் இருக்கிறதா, எதிலாவது உறுமல் வருகிறதா, எந்த மீட்டராவது சிவப்பைத் தொட்டதா, மேல் மைக் இரண்டில் ஒன்றின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல் கீழை, திருப்பினால் கிக் கனமாகிறதா மெலிகிறதா என்று பாருங்கள். கனமாக ஒலிப்பது எதுவோ அப்படியே விட்டுவிட்டு, புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து முதல் பாட்டை ஆரம்பியுங்கள்.